யாரும் கேள்வி கேட்க முடியாத என் அக்கா

என் அக்கா பயந்தவள். குறையாகச் சொல்லவில்லை; உயரம், நிறம் மாதிரி அவளுக்கு அதுவும் ஓர் அடையாளம். வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு மாடி இறங்கிய பிறகு, பூட்டினோமா என்று பார்க்க மறுபடி ஏறுவாள். தெருவில் போலீஸ்காரர் வேறு யாரையோ உற்றுப் பார்த்தால்கூட இவள் கைப்பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். நடுவில் ஆறு வருஷம் கல்யாணம் என்ற பெயரில் நான் வெளியூர் போய்த் திரும்பியதைத் தவிர, வாழ்நாள் முழுக்க அவளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியிருக்கிறேன். திரும்பி வந்த அன்றும், யாரு யாரு என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தாள்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு சர்வதேச நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் அதிகாரிகளின் வீட்டுச் சாமான்கள் துறைமுகத்திலிருந்து சுங்க வரி இல்லாமல் வெளியே வர, விலக்குப் படிவம் நிரப்புவது அவள் பொறுப்பு. கட்டில், பியானோ, குழந்தையின் சைக்கிள், நாய்க் கூண்டு எல்லாம் அதில் ஏற வேண்டும். மூன்று பிரதி போதும். இவள் நான்காவதாக ஒன்று எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொள்வாள். யாரும் கேட்டதில்லை. நாளைக்கு யாராவது கேட்டுவிட்டால் என்ற பயம்தான்.

உள்ளூர் ஊழியையான அவளுக்குக் கிடைத்த சலுகை இரண்டே இரண்டு. சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. வேலை நிமித்தம் அவள் பேசியதற்கும் எழுதியதற்கும் எந்த நீதிமன்றமும் அவளைக் கூப்பிட முடியாது. முதல் சலுகையை வைத்து எங்கள் வீட்டில் மாதாமாதம் சண்டை நடக்கும். நான் தபால் நிலையத்தில் இருக்கிறேன். என் சம்பளத்தை அரசாங்கம் கிள்ளிவிட்டுத்தான் கையில் கொடுக்கும். வரி கட்டாத மகாராணியே மின்சாரக் கட்டணத்தைக் கட்டட்டும் என்பேன். வாயே திறக்காமல் கட்டுவாள். இரண்டாவது சலுகையை நாங்கள் சட்டை செய்ததே இல்லை. பேசவே பயப்படுகிறவளுக்குப் பேச்சுக்குப் பாதுகாப்பு எதற்கு?

துறைமுகத்திலிருந்து சாமான்களை ஏற்றி வருபவர் ஒரு லாரிக்காரர். அலுவலக ஊழியர் இல்லை, வெளியாள். ஒன்பது வருஷமாக வருகிறார். அக்காவை ‘எழுத்தம்மா’ என்று கூப்பிடுவார். எந்த முகவரியில் இறக்க வேண்டும் என்று அவள் சீட்டு எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால்தான் ஒரு பெட்டியையாவது நகர்த்துவார். படிவத்தில் இருக்கும் வீட்டு முகவரிதான் சீட்டிலும் இருக்க வேண்டும் என்பது விதி.

ஒருநாள் மத்தியானம் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டு, வீட்டில் இடமில்லை, புத்தகப் பெட்டிகள் பதினொன்றை மட்டும் நண்பரின் கிடங்குக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒரு முகவரி சொன்னார். விதிப்படி முடியாது. அதைச் சொல்ல அக்காவுக்கு நா எழவில்லை. எழுதினாள், முத்திரை குத்தினாள், கொடுத்துவிட்டாள்.

பெட்டிகளில் புத்தகம் இல்லை. எல்லாம் புத்தம் புது செல்போன். கடைசிப் பெட்டி இறங்கும்போது சுங்கத்துறை ஆட்கள் கிடங்கில் நுழைந்தார்கள். அங்கிருந்தவர்கள் சீட்டை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டோடு பின்வாசல் வழியே கம்பி நீட்டிவிட்டார்கள். மாட்டியது லாரிக்காரர். வெளிநாட்டு அதிகாரி என்பதால் அவரை யாரும் விசாரிக்கவே முடியாது. ஒன்பதாம் நாள் அவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தது; கேக் வெட்டி வழியனுப்பி வைத்தார்கள். லாரிக்காரரைச் சிறையில் வைத்தார்கள்.

அந்த வாரம் அலுவலகத்தின் சட்ட ஆலோசகர் அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். இழுப்பறையிலிருந்த நகல்களை எல்லாம், அந்தச் சீட்டின் நகலையும் சேர்த்து, வாங்கி ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அலுவலகத்தின் காகிதத்தை எந்த நீதிமன்றமும் தொட முடியாதாம். பிறகு அவர் சொன்னதை அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

“நீங்க பயப்படவே வேண்டாம். உங்கள யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது. ஆனா அந்தப் பாதுகாப்பு உங்களுது இல்ல, அலுவலகத்தோடது. நாங்க அனுமதி தராம நீங்களா வாயத் திறந்தா, அது உங்க சொந்தப் பேச்சு. அப்புறம் எங்களால காப்பாத்த முடியாது.”

அதாவது, சீட்டு எழுதியது தான்தான் என்று அக்கா சொன்னால் லாரிக்காரர் பிழைப்பார். கடத்தலுக்கு உடந்தை என்று இவள் மாட்டுவாள். சொல்லாவிட்டால் இவளுக்கு ஒன்றும் ஆகாது. நான் நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை, சொன்னதைச் சொல்கிறேன்: “வாய மூடிக்கிட்டு இரு.”

இருந்தாள். அழைப்புமணி அடித்தால் குளியலறைக்குள் போய் நின்றாள். சோறு இறங்கவில்லை. படிவம் நிரப்பும்போது பியானோவை இரண்டு தடவை எழுதிவிட்டாளாம். சும்மா கிட என்று நான் அதட்டினேன். அதட்டிவிட்டுப் போய், பூட்டை நானே இழுத்துப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாரிக்காரரின் மனைவி வந்தாள். முகவரியை எங்கே பிடித்தாளோ. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

“சீட்டு எழுதிக் கொடுத்தது நீங்கதான்னு அவரு சொல்றாரு. வக்கீலே நம்ப மாட்டேங்கிறாரு. அவரு பொய் சொல்றாராம்மா?”

அக்கா வாயைத் திறந்தாள். அவங்க எதுவும் பேசக் கூடாது, அது சட்டம் என்று நான் முந்திக்கொண்டேன்.

“நான் சட்டம் கேக்கலீங்க. அவரு பொய் சொல்றாரான்னுதான் கேட்டேன்.”

நான் கதவைச் சாத்தினேன். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்க நெடுநேரமானது.

வழக்கு விசாரணைக்கு வந்தது. லாரிக்காரரின் வக்கீல் அக்காவைச் சாட்சியாகக் கூப்பிடக் கேட்டிருந்தார். அலுவலகம் மறுத்துக் கடிதம் அனுப்பியிருந்தது. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு, சும்மா ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அவளை நம்பாமல் நானும் கூடப் போனேன்.

பச்சைப் பெயின்ட் உரிந்த சுவர், ஆடும் பெஞ்சு. கூண்டில் நின்ற லாரிக்காரர் பாதியாக இளைத்திருந்தார். எங்களைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் அக்காவுக்கு லேசாகத் தலையசைத்தார். அவர் முறைத்திருந்தால்கூடத் தேவலை.

நீதிபதி கடிதத்தை உரக்கப் படித்தார். இந்த ஊழியரை அழைக்கவோ விசாரிக்கவோ முடியாது என்று இருந்தது. வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். வக்கீல் இல்லை என்றார். அக்காவின் கை என் பிடியில் இருந்தது. அவள் எழப் பார்க்கிறாள் என்று தெரிந்து, முழுப் பலத்தோடு கீழே அழுத்தினேன். உதறிக்கொண்டு எழுந்தாள். அவள் எதையும் உதறி நான் பார்த்ததில்லை.

“ஐயா, அந்தக் கடிதத்துல சொல்லியிருக்கிற ஆளு நான்தான்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, இந்தக் கடிதம் இருக்கிற வரைக்கும் உங்கள யாரும் தொட முடியாது. நீங்களா பேசினா இது துணைக்கு வராது. புரிஞ்சுதான் எழுந்தீங்களா?”

“புரியுதுங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கு.” கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அந்த விலாசத்த எழுதி முத்திரை வச்சது நான். அதிகாரி போன்ல சொன்னாரு, மறுக்க பயந்துகிட்டு எழுதினேன். லாரிக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. சீட்டுல இருந்த இடத்துக்குக் கொண்டு போனாரு, அவ்வளவுதான்.”

அவள் சொன்னதை எல்லாம் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். லாரிக்காரரை ஜாமீனில் விடச் சொன்னார் நீதிபதி. அவருடைய மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுங்கத்துறை அதிகாரி ஒருவர் வாசலுக்குப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். சற்று நேரத்தில் இரண்டு பெண் போலீஸ் வந்து அக்காவை வேறு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போகவே பயமாக இருந்தது.

இருவரில் மூத்தவர் எழுந்து என்னிடம் வந்தார்.

“நீங்க யாரு அவங்களுக்கு?”

தங்கச்சி என்றேன்.

“அவங்களுக்கு மாத்துத் துணி வேணும். மாத்திரை ஏதாவது சாப்பிடுவாங்கன்னா அதுவும். அஞ்சு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க.”

எத்தனை நாளைக்குத் துணி எடுத்து வர என்று கேட்டேன். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இருக்கிறத எல்லாம் எடுத்துட்டு வாங்கம்மா.”