ராக்கெட் குழாய்க்குள் போன என் மகளின் படிப்பு

என் மகள் ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய படிப்பை, நான் என் கையாலேயே ராக்கெட்டுக்குக் குழாயாகச் சுற்றி, பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். மாரியாத்தாளை நம்பியிருக்கும் சொந்தங்களே, ஒரு தாய் செய்கிற வேலையா இது? இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்கு, பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

நாங்கள் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பட்டாசு பேக்கிங் வேலைக்குப் போகிறார். நான் வீட்டிலேயே காகிதக் குழாய் சுற்றுகிறேன். வெடிமருந்து வேலை கிடையாது, வெறும் காகிதம்தான். பழைய தாள் மூட்டை மூட்டையாக வரும். பலகையில் தாளை விரித்து, இரும்புக் கம்பியை வைத்து உருட்டி, ஓரத்தில் பசை தடவி ஒட்டிக் காயப்போட வேண்டும். ஒரு பழக்கம் மட்டும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. சாமி படம் போட்ட தாள் வந்தால் சுற்ற மாட்டோம், தனியாக எடுத்து வைத்துவிடுவோம். வெடித்துச் சிதறி யார் காலிலாவது மிதிபடுமே, அதனால்தான்.

மகள் பெயர் செல்வி. அவள் ஒன்பதாவது படிக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பை வைத்து வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன். கன்னம் வீங்கிப்போன ஒரு நாள் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா, ஊர்க்கதை பேசிக்கொண்டே, எனக்குத் தெரியாமலே பல்லை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நான் அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி அந்த டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியிலேயே, "ம்மா, நான் பல் டாக்டருக்குத்தான் படிப்பேன்" என்றாள்.

அதற்கு நீட் பரீட்சை எழுத வேண்டும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் ஒருத்தி கேட்டாள், "பல்லப் புடுங்குறதுக்கா இம்புட்டுப் படிப்பு? குறடு போதாதா?" எனக்கு வந்த கோபத்துக்கு, "என் மக படிச்சு வந்து முதல்ல ஒன் பல்லத்தான் புடுங்குவா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

பன்னிரண்டாவது முடித்து எழுதிய முதல் தடவை மார்க் பத்தவில்லை. செல்வி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எழுந்து, "இன்னும் ஒரே ஒரு வருசம் குடும்மா" என்று கேட்டாள். அவள் அப்பா யோசித்தார். நல்ல இடத்தில் வரன் ஒன்று வந்து நின்றிருந்தது. கடைசியில், "இந்த ஒரு தடவதான். கெடைக்கலைன்னா நான் சொல்றதக் கேக்கணும்" என்றார். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

அந்த வருடம் அவள் படித்த படிப்பை நான் கண்ணால் கண்டேன். பழைய புத்தகங்களை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிப் படித்து, அத்தனையையும் தன் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதினாள். நோட்டில் எழுதவில்லை. எனக்கு வருகிற மூட்டையில் அச்சகத்துக் கழிவுத் தாள்கள் இருக்கும், ஒரு பக்கம் வெள்ளையாக. அதில் ஒரு கட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, தாள் தாளாக எழுதி ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தாள். உயிரியல், வேதியியல், இயற்பியல், மூன்றும் அதில்தான் இருந்தன. கடைசி மாதம் புத்தகத்தைத் தொடப் போவதில்லை, இதைத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். இரவல் புத்தகங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, மாதிரித் தேர்வு எழுத விருதுநகருக்குப் போய், என் நாத்தனார் வீட்டில் தங்கினாள். அன்று மத்தியானம் திடீரென்று கோடை மழை. வாசலில் கிடந்த தாளை எல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, ஜன்னல் பக்கம் போட்டேன். அவள் அடுக்கின் மேலேயே போட்டிருக்கிறேன். ஆர்டர் அவசரம். சாயங்காலம் டீவியில் நாடகத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கை பாட்டுக்குச் சுற்றும், கண் நாடகத்தில் இருக்கும். கையால் எழுதிய தாள் வந்ததும் தெரிந்தது. பழைய பரீட்சைப் பேப்பர் என்று நினைத்தேன். அப்படி நிறைய வரும். வெள்ளி காலையில் லோடு ஏற்றுகிற சங்கிலி தம்பி வண்டியைக் கொண்டுவந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் செல்வி வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "ம்மா, என் நோட்ஸ் எங்கம்மா?" என்றாள்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் சொல்லாமலே அவளும் பலகையைப் பார்த்தாள், பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "விடும்மா. நீ வேணும்னா செஞ்ச?" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொல் என்னைக் கொன்றது.

சங்கிலி தம்பிக்குப் போன் போட்டேன். "கம்பெனில எறக்கிட்டனே மதினி. உள்ளுக்க போன் கொண்டு போக முடியாது, யாரையும் கூப்புட்டுக் கேக்கவும் வழியில்ல" என்றார். அப்படியே ஓடிப்போய்ப் பஸ் ஏறினேன். கம்பெனி சாத்தூர் பக்கம். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். நல்ல மனிதர்தான், என் அழுகையைப் பார்த்து அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "வெளியாளு ஒருத்தரையும் உள்ள விடக் கூடாதும்மா. போர்மேன் வேற யூனிட்டுக்குப் போயிருக்காரு. நாளைக்கு வாங்க" என்றார். குழாய் எப்போது மருந்து அடைக்கப் போகும் என்று கேட்டேன். "விடியக் காலையில மொத வேலையே அதுதான்" என்றார். மருந்து உள்ளே போய்விட்டால் அந்தக் குழாயை யாரால் பிரிக்க முடியும்?

வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. சாத்தூரில், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பஸ் நின்றது. ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். பொழுது சாயவில்லை இன்னும். குலவைச் சத்தமும் மாவிளக்கு வாசனையுமாக இருந்தது. எல்லோரும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சண்டை போட்டேன். சத்தமாகவே போட்டேன். "ஏத்தா, நான் கூறு கெட்டவ, டீவியப் பாத்துக்கிட்டே சுத்திப்புட்டேன். நீ எதப் பாத்துக்கிட்டு இருந்த? ஒனக்கு ஆயிரம் கண்ணுன்னு சொல்லுறாக. ஒரு கண்ணு கூடவா எங்க வீட்டுப் பக்கம் இல்ல?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அழுகை வந்துவிட்டது. "எம்புள்ள பொழப்ப நானே கெடுத்துட்டேன் தாயி. அந்தத் தாள மட்டும் திருப்பிக் குடு. ஒன் வாசல்ல முடி எறக்குறேன்" என்று தரையில் விழுந்தேன். எழுந்தபோது மனசு லேசானது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டியவளிடம் கேட்டாயிற்று.

சனிக்கிழமை காலை, எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருகிற நேரத்துக்கு மறுபடியும் புறப்பட்டேன். வீட்டுக்காரர், "நில்லு புள்ள, நானும் வாரேன்" என்று சட்டையைத் தேடினார். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். சங்கிலி தம்பிதான். முகம் சிவந்துபோய் இறங்கி, மூட்டைகளைத் தொப்பு தொப்பென்று தள்ளினார்.

"என்ன மதினி, இம்புட்டு வருசமா சுத்துறீக, சாமி படத்தையா சுத்தி அனுப்புவீக? அங்கன மருந்து அடைக்குற அக்கா ஒருத்தி, கொழாயில ஆத்தா மொகம் தெரியுது, நான் மருந்து வைக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. போர்மேன் கத்துறாரு, அந்தம்மா அசைய மாட்டேங்குது. அவளப் பாத்து மத்த பொம்பளைகளும் கைய எடுத்துட்டாக. மொத்த லோடும் ரிட்டர்ன்! என் மானமே போச்சு!"

நான் மூட்டையைப் பிரித்து ஒரு குழாயை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஆமாம். மெல்லிய மஞ்சளில் மாரியாத்தா முகம். காலண்டர் அடிக்கும்போது முதலில் ஓடுகிற சில தாள்களில் மஞ்சள் மட்டும்தான் விழுந்திருக்கும், மற்ற நிறம் ஏறியிருக்காது. அப்படிப்பட்ட கழிவு அது. விளக்கு வெளிச்சத்தில், நாடக மும்முரத்தில், பழுப்பேறிய தாள் என்று நான் நினைத்திருக்கிறேன். உள்பக்கத்தில் என் மகள் கையெழுத்து.

வாய்விட்டுச் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். சங்கிலி தம்பி பயந்துவிட்டார். "அண்ணே, மதினிக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஒனக்குத் தெரியுமாட்டி, இதுல ஆத்தா இருந்தது?" என்று செல்வியிடம் கேட்டேன். "தெரியும்மா. அதுக்குத்தான் அந்தக் கட்ட எடுத்தேன். ஆத்தா பின்னால இருந்தா படிச்சது மறக்காதுல்ல?" என்றாள். நேற்றைய முகம் இல்லை அது. பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருவே வந்து உட்கார்ந்து குழாய் பிரித்தது. குறடு போதாதா என்று கேட்டாளே, அவளும் வந்தாள். ஒட்டின ஓரத்தை ஈரத் துணியால் ஒற்றி, கிழியாமல் பிரித்துக் காயவைத்தோம். ஓரத்தில் சில வரிகள் பசையோடு போய்விட்டன. சில தாள்கள் கிடைக்கவே இல்லை. மிச்சமெல்லாம் சீட்டுக்கட்டைக் கலைத்தது போலக் கலைந்து கிடந்தது. எது எதற்குப் பிறகு வரும் என்று ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துத்தான் செல்வி அடுக்க வேண்டியிருந்தது. போன வரிகளையும் தாள்களையும் யோசித்து யோசித்துத் தானே எழுதினாள். அடுக்கி முடிக்க ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் என்னிடம் வந்து, "ம்மா, இப்ப எனக்கு இந்தத் தாளே வேண்டாம் போலருக்கு. எல்லாம் தலையில இருக்கு" என்றாள்.

அந்த வருடம் அவளுக்கு மார்க் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில், அரசு பல் மருத்துவக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. செய்தி வந்ததும் என் வீட்டுக்காரர் தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "எம்மக டாக்டருக்குப் போறா" என்று சொன்னார். சங்கிலி தம்பி தன் வண்டி முழுக்க மாலை கட்டிவிட்டார். நான் இருக்கன்குடி போய் ஆற்றில் முழுகி, முடி இறக்கி, மாவிளக்கு எடுத்தேன். மொட்டைத் தலையோடு நான் போட்ட குலவைச் சத்தம் மறுகரைக்குக் கேட்டிருக்கும்.

இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. மருந்து வைக்க மாட்டேன் என்றாரே, அந்த அக்காவைப் பார்க்க வேண்டும். செல்வி லீவில் வந்தபோது, கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்தில் போய்க் காத்திருந்தோம். சங்கிலி தம்பி ஆளைக் காட்டினார். ஐம்பது வயது இருக்கும். விரலெல்லாம் மருந்தின் வெள்ளிப் பொடி. நான் காலில் விழப் போனேன். அவர் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

நடந்ததைச் சொன்னேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். "எனக்கென்னத்தா தெரியும்? ஆத்தா மொகத்துல எப்படி மருந்த அடைக்கன்னுதான் கைய எடுத்தேன். நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிருவாகளோன்னு எனக்கும் நடுக்கந்தான். உள்ள ஒரு புள்ளையோட படிப்பு இருக்குன்னு கண்டேனா?"

செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்த்தே வாய மூடியே பேசுறீக? பல் வலியா?" என்றாள். அவர் வெட்கப்பட்டுத் தலையாட்டினார். "ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே நான் கூட்டிட்டுப் போறேன். இன்னும் நாலு வருசம் போகட்டும், நானே பாக்கேன்" என்றாள் என் மகள். சொன்னபடி மறுநாள் கூட்டிக்கொண்டு போனாள்.

சொந்தங்களே, பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும், வீட்டில் நோய் என்றாலும், நீங்கள் நம்பும் தெய்வத்திடம் கேளுங்கள். என்னைப் போலச் சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகும்போது, மனசு ஒரு காரியத்தை வேண்டாம் என்று தடுத்தால், யார் கத்தினாலும் கையை எடுத்துவிடுங்கள். எங்கேயோ ஒருத்தி அழுது கேட்டதற்கான பதில், அந்த நேரம் உங்கள் கையில் இருக்கலாம்.