சூடு தாங்காத கிருமிகள்

திண்டுக்கல் பிரியாணிக் கடையில் ஒரு மதியம் என் எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்தார். தலை பஞ்சாய் வெளுத்திருந்தது. மீசைக்கு மட்டும் கறுப்புச் சாயம். சட்டைப் பையிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்து, ஆவி பறக்கும் ஆட்டுக்கால் சூப்போடு விழுங்கினார்.

"வயசாக ஆக வயித்துல நல்ல கிருமி கொறஞ்சிருமாம். கீரையும் மோரும் சாப்பிடச் சொன்னாரு டாக்டரு. அது நம்மால ஆகாதுன்னேன். இந்த மாத்திரைய எழுதிட்டாரு. உள்ள அம்புட்டும் உசிருள்ள கிருமி."

"இம்புட்டுச் சூட்டுல அதுக செத்துப்போகுமேய்யா?"

"சாகட்டும் அப்பு. இந்தச் சூடே தாங்காததுக, என் வயித்துல எப்பிடிக் குடும்பம் நடத்தும்?"

இரண்டாவது தட்டு மட்டன் பிரியாணிக்குக் கைகாட்டினார். கீரையும் மோரும் கொடுத்து நான் செல்லமாக வளர்த்த என் கிருமிகளோ, பாதித் தட்டிலேயே கலவரத்தைத் தொடங்கியிருந்தன.