பாதிக்கப்பட்டோர் பட்டியலில் என் பெயர்

ஜெர்மனியில் ரயில் ஒரு மணி நேரம் பிந்தினால் பயணிகள் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்களாகி விடுகிறார்கள். போன வாரம் ஸ்டேஷனில் சீருடை போட்ட ஒரு பெண் என்னிடம், "நீங்களும் பெட்ரொஃபனா?" என்று கேட்டாள். பாதிக்கப்பட்டவரா என்று அர்த்தம். நான் பதறிப்போய், "இல்லை, எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சூடான கோப்பியையும் ஒரு படிவத்தையும் நீட்டினாள்.

கோப்பியோடு உட்கார்ந்து போனில் ஊர்ச் செய்தி பார்த்தேன். அடைமழை. மலையக ரயில் சேவை பாதிப்பு. சுற்றுலாத்துறை பாதிப்பு. மரக்கறி விநியோகம் பாதிப்பு. கிரிக்கெட் ஆட்டம்கூட மழையால் பாதிப்பு. இந்த ஒரு வினைச்சொல் இல்லாவிட்டால் நம் செய்திக்காரர்களுக்குப் பிழைப்பே நடக்காது. கரட்டும் பாதிக்கப்படுகிறது, கிரிக்கெட்டும் பாதிக்கப்படுகிறது. என் தங்கை செல்வி மட்டும் பாதிக்கப்படவில்லையாம். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் அவள் இருக்கும் அறையின் பின்சுவர் வெடித்துவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு பாடசாலை மண்டபத்தில் படுத்திருக்கிறாள்.

அன்று மாலை அவளே பேசினாள். "அக்கா, ஜீஎஸ் ஐயா லிஸ்ட் ஒட்டியிருக்காரு. பாதிக்கப்பட்டவங்கன்னு எங்க காம்பராவுக்கு ஒங்க பேருதான் இருக்கு. எங்க பேரு இல்ல."

ஜீஎஸ் என்கிற கிராம சேவகரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துப் பதிவைப் பார்த்து எழுதியிருக்கிறார். அம்மா ஓய்வு பெற்றபோது கொழுந்தெடுக்கப் பெயர் பதிந்தவள் நான். லயத்து அறையான காம்பராவும் என் பெயருக்கு வந்தது. கல்யாணம் முடித்து இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. பெயரை மாற்றித் தரச் சொல்லிச் செல்வி இரண்டு தரம் கேட்டாள். பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவள் நான்தான். காணியும் இல்லை, உறுதிப் பத்திரமும் இல்லை. நான் அந்த மலையில் பிறந்து வளர்ந்தவள் என்பதற்கு அந்தக் காம்பரா நம்பரைவிட்டால் வேறு அத்தாட்சி இல்லை. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்தக் கஞ்சத்தனம் கடைசியில் தங்கை தலையில் வந்து விடிந்தது.

"பேரு இல்லாதவங்க வெள்ளிக்கிழம லயத்துக்குத் திரும்பிப் போகணுமாம். அந்தச் செவுத்துக்குக் கீழ புள்ளைகள எப்படிக்கா படுக்க வைக்கிறது?"

"நான் ஜீஎஸ்கிட்ட பேசவா?"

"பேசி வேலையில்லக்கா. பேரு உள்ளவங்க எழுதிக் குடுத்தா மாத்தித் தாறேன்னாரு. எழுதிக் குடுங்க."

உடனே எழுத உட்கார்ந்தேன். 'நான் பாதிக்கப்படவில்லை' என்ற முதல் வாக்கியத்துக்கே அரை மணி நேரம் ஆயிற்று. உண்மைதான், இருந்தாலும் கை ஓடவில்லை. பிறகு, அங்கே குடியிருப்பது தங்கை குடும்பம் என்றும், என் பெயரை நீக்கிவிடும்படியும் எழுதிக் கையெழுத்திட்டு, படமெடுத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை திருத்திய பட்டியலைச் செல்வி படமெடுத்து அனுப்பியிருந்தாள். அவர்கள் பாடசாலையிலேயே இருக்கலாமாம். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அழுகையும் வந்தது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பெயரின் மேல் நீல மையில் ஒரு கோடு. அதற்கு மேலே நெருக்கி எழுதிய தங்கையின் பெயர். கோட்டுக்கு அடியில் என் பெயரை இன்னும் வாசிக்க முடிகிறது.