மேற்கு என்று போட்டுவிட்டு வந்தேன்

ரோனியோ மெஷின் மை வாடை... எங்களுக்குச் சயன்ஸ் படிப்பிக்கும் சேர் அடித்துத் தரும் மாதிரி வினாத்தாளைத் தொட்டால் விரலெல்லாம் கறுத்துவிடும். சோப்புக்கும் மசியாது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிப் பரீட்சைக்கு முன்பே வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இதுல சயன்ஸ் பாஸாகாட்டி, மேல ஏ.எல்.ல சயன்ஸ் படிக்கிற கதைய உட்டுரு மகள்."

நெம்புகோல், வெப்பம், வில்லை எல்லாவற்றையும் ஒருவழியாக ஒப்பேற்றினேன். கடைசிக் கேள்விதான் ஆளைக் கவிழ்த்தது. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், பொழுது பட்டதும் சந்திரன் எந்தத் திசையில் தெரியும்? காரணமும் எழுத வேண்டும், புள்ளிகளும் அதற்குத்தான் அதிகம்.

சூரியன், பூமி, சந்திரன் மூன்றையும் கீறிப் பார்த்தேன். சந்திரன் சூரியனுக்குப் பக்கத்திலேயே நின்றது. மேற்கு என்று போட்டுவிட்டு வந்தேன்.

வெளியே வந்தால் எல்லாரும் கிழக்கு என்கிறார்கள்!

"ஒனக்கென்ன விசரா புள்ள? நிலா கடலுக்குள்ளால தானே எழும்புற?" என்றாள் ஜெஸீமா. வகுப்பில் முதலாம் பிள்ளை அவள். கடல் எங்களுக்குக் கிழக்கே. அங்கிருந்து முழுநிலா வருவதை நானும்தான் பார்த்திருக்கிறேன்...

பகல் சோறு இறங்கவில்லை.

பொழுது பட்டு மஃரிபு தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்த உம்மா, "பிறை வடிவா தெரியுது, வந்து பாரு" என்றார்.

போனேன். எங்கள் தென்னைக்கு மேலே, தோணி போலப் படுத்துக் கிடந்தது. மேற்கில்!

அடுத்த ஒழுங்கைக்கு ஓடி, ஜெஸீமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அண்ணாந்து பார்த்தவள் தலையில் கை வைத்தாள்.

"அல்லாஹ்வே... நோன்புப் பிறையயும் நாம இந்தப் பக்கம்தானே பாக்குற!"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வருஷம் தவறாமல் மேற்கே பார்த்து நின்ற கூட்டம்தான் நாங்கள். ஆனால் பிறை பள்ளிவாசல் சங்கதி, சந்திரன் சயன்ஸ் புத்தகச் சங்கதி. இரண்டும் ஒன்றுதான் என்று பரீட்சை மண்டபத்தில் யாருக்குமே தோன்றவில்லை!

பாஸானேன். வாப்பா சொன்ன சொல் தவறவில்லை, ஏ.எல். சயன்ஸ் படிக்க விட்டார்.

இப்போது என் மகளின் பிள்ளைகள் பரீட்சை எழுதி வீடு வருவதற்குள் விடையெல்லாம் போனுக்கு வந்துவிடுகிறது. நல்லதுதான், பிள்ளைகள் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

எனக்கோ இன்றும் பிறையைக் கண்டால் முதலில் 'அப்பாடா, மேற்குத்தான்' என்றுதான் வருகிறது. பிறை கண்டு ஓதும் துஆ அதற்குப் பிறகுதான்.