கச்சான் காற்றில் இராவணன் மீசை

லிங்கநகரில் நான் இருக்கும் வீட்டின் ஒவ்வொரு கல்லும் என் கையால் அரிந்த கல். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சிரித்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். இறக்கக்கண்டிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர் தங்க நான்கு அறைகள் கட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்த வேலை இவ்வளவும். ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரியது அந்த அறைகளுக்கு முன்னால் நிற்கும் புல்தான்.

இராவணன் மீசை என்பது எங்கள் கடற்கரை மணலில் வளரும் முட்புல். கடல் மணலை அரித்துக்கொண்டு போனபோது சுவர் கட்டச் சொன்னார்கள். நான் மாரி மழை தொடங்குமுன் புல்லின் தண்டைக் கணுக் கணுவாக வெட்டிப் புதைத்தேன். ஆடு தின்னாத புல்லைப் பயிர் செய்கிற விசரன் என்றார்கள். அந்த விசரனின் புல் மணலைப் பிடித்து மேடாக்கியது. வெள்ளைக்காரர் படம் எடுத்தார்கள். நண்டு வளை தோண்டியது. வானம்பாடி புல்லடியில் கூடு வைத்தது.

தொல்லை அதன் பூவால் வந்தது. பந்து போன்ற அந்த முட்பூ காய்ந்ததும் கச்சான் காற்றில் உருண்டுபோய், மணலில் காயும் வலைகளில் சிக்கிக்கொள்ளும். அந்தக் கரைவலைகளின் சொந்தக்காரனான சம்மாட்டி என் மனைவியின் தம்பி. ஒரு பின்னேரம் இரண்டு வலைக்காரரோடும் மண்ணெண்ணெய்க் கானோடும் வந்து நின்றான். கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள். நான் புல்லுக்குள் இறங்கி நின்றேன். முள் காலைக் கிழித்தது.

"அத்தான், விலகுங்கோ. முள்ளுப் பொறுக்க ஏலாதெண்டு என்ர ஆக்கள் வேலைக்கு வருகினமில்லை. உங்கட குருவிக்கு வீடு வேணும், என்ர வீட்டில அடுப்பு எரிய வேண்டாமோ?"

பழந்துணியை நனைத்துவிட்டான். லைட்டர் கையில். நான் பயந்தவன் இல்லை. அப்போதுதான் முதுகில் காற்று அடித்தது. கச்சான், தரையிலிருந்து கடலுக்கு.

"பத்த வை, மச்சான். புல்லுக்கு அடுத்தது உன்ர வாடிதான்."

திரும்பிப் பார்த்தான். தென்னங்கிடுகால் வேய்ந்த அவனுடைய வாடிக் கொட்டில் காற்றுக்கு நேரே நின்றது. "சம்மாட்டி, வலையும் உள்ளுக்குத்தான் கிடக்கு" என்றான் ஒரு வலைக்காரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவன் லைட்டரைச் சட்டைப் பையில் போட்டான். "காத்து எப்பவும் இப்பிடியே நிக்காது, அத்தான்."

அந்தச் சொல் என்னை இருக்கவிடவில்லை. விடிந்ததும் வலையைத் தொங்கவிட்டுக் காயவைக்கத் தென்னங்குற்றி நட்டுக் குறுக்குத்தடி கட்டினேன். காய்ந்த பூவையெல்லாம் வெட்டிச் சாக்கில் அள்ளினேன். உள்ளங்கை இரத்தமாகிவிட்டது. மூன்று நாள் பார்த்திருந்த மச்சான், நாலாம் நாள் வலையைக் கொண்டுவந்து தடியில் போட்டான். பிறகு குஞ்சுகள் பறந்தன.

இப்போது கடற்கரைச் சங்கம் அந்த மேட்டில் பலகை நடப் போகிறதாம், ஊர் மக்களின் முயற்சி என்று. எல்லாரும் சேர்ந்ததுதானே ஐயா என்கிறார் செயலாளர். நட்டபோது எல்லாரும் சேரவில்லை. மண்ணெண்ணெய்க்கு முன்னால் நின்றதும் நான் ஒருவன்தான். பலகையின் முதல் வரியில் என் பெயர் வர வேண்டும். மச்சானின் பெயரைக் கீழே போடட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.