இறக்கிக் காட்டிய பையன்

கீழே அப்பாவின் பனியன் கம்பெனி, மேலே வீடு. மேல்மாடியில் தெருப்பக்கம் இருந்த அறையில் ஏசி போட்டிருந்தார்கள். அது மனிதர்களுக்காகப் போட்டதல்ல, கம்ப்யூட்டருக்காகப் போட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் மெயிலைப் படித்துப் பதில் போடுவதுதான் அந்த அறையில் நடக்க வேண்டிய வேலை. அந்த வேலை என்னிடம் இருந்தது. காலையில் கொஞ்ச நேரத்தில் அது முடிந்துவிடும். மீதிப் பொழுதெல்லாம் நான் போர் விமானம் ஓட்டினேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த முதல் சில வருடங்கள் அவை. இன்ஜினியரிங் முடித்ததாக வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். பாக்கி நின்ற பாடங்களை நான் அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டே வந்ததை வீட்டில் யாரும் கிளறுவதில்லை. கோயமுத்தூர் போய் அந்த விமான ஆட்டத்துக்கு ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி வந்து, 'கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாமான்' என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். கோபக்கார அப்பாக்கள் வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா அந்த ஏசி அறைக்கு வருவார். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடுவார். தூங்குகிறார் என்று நினைத்து நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எதிரி விமானத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தால் காதில் விடாமல் ஒரு கீச்சொலி கேட்கும். அப்போது பொத்தானை அமுக்கினால் ஏவுகணை போகும். அந்தக் கீச்சொலிக்காக நான் சோறு தண்ணியை மறந்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சோறு நேரத்துக்கு மேசைக்கே வந்துவிடும்.

சுட்டு முடித்ததும் எனக்கு ஆட்டம் முடிந்த மாதிரி. திரும்பிப் போய் விமானத்தை ஓடுபாதையில் இறக்க வேண்டும் என்பது விதி. அதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் விமானி பாராசூட்டில் குதித்துவிடுவான். சில நாள் அதற்கும் சோம்பல்பட்டு மூக்கைத் தரைக்குத் திருப்பிவிடுவேன். திரை முழுக்க நெருப்பு வரும். விமானம் என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா?

ஒருநாள் அப்படிக் குதித்தபோது சோபாவிலிருந்து குரல் வந்தது.

"நீ குதிச்சுட்டே. வண்டி என்னாச்சு கண்ணு?"

"அது போயிருச்சுங்கப்பா."

"அத்தனாம்பெரிய வண்டி. எத்தன பேரு ஒக்காந்து பண்ணுனாங்களோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பிரச்சினை ஒரு மெயிலில் வந்தது. நாங்கள் அனுப்பிய கருநீல டிசர்ட்டுகள் முதல் சலவையிலேயே சாயம் விட்டு, கழுத்தில் தைத்திருந்த வெள்ளைப் பட்டையை நீலமாக்கிவிட்டன. சாயப்பட்டறையில் நடந்த தவறு, ஆனால் பையருக்கு எங்களைத்தான் தெரியும். எங்கள் சரக்கில் பெரும்பங்கு அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. முதலாளி நேரில் வந்து உட்கார்ந்து பேசினால் மேற்கொண்டு பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த சீசனுக்கு வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். அந்த பையர் கைவிட்டுப் போனால் கீழே ஓவர்லாக் தையல் மெஷின்களில் பாதியை நிறுத்த வேண்டியதுதான். அவற்றில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் தெற்கேயிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் தெருவிலேயே குடியிருந்தவர்கள்.

நான் மெயிலைத் தமிழில் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார்.

"நீ போயிட்டு வந்தர்றயா?"

"முதலாளி வரணும்னு எழுதியிருக்காங்கப்பா. எனக்குப் பாஸ்போர்ட்டும் இல்லீங்க."

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு என்று அவர் சொல்லி வருடக் கணக்காயிருந்தது. அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. அவரிடம் ஒன்று இருந்தது, ஒரு முத்திரைகூட விழாமல். விசா வேலையை ஏஜென்ட் முடித்துக் கொடுத்தார். டிக்கெட் போட வேண்டும் என்றதும் அப்பா நழுவ ஆரம்பித்தார். முட்டி வலி என்றார். சேவூரில் ஒரம்பரை வீட்டுக் கல்யாணம், சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார். கல்யாணம் முடிந்தபிறகு மறுபடி முட்டி வலி. விவசாயம் பார்த்த காலத்தில் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கியவர், களத்தில் பாம்பைத் தூக்கி எறிந்தவர் இப்படி நழுவுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு ஆளால் கம்பெனியே போகப்போகிறது என்று அம்மாவிடம் கத்தினேன். அவ்வளவு உரிமையாகக் கத்துவதற்கு நான் அந்தக் கம்பெனிக்கு என்ன செய்துவிட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

அம்மா சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவிய பயந்துக்கறாங்கடா. வாயத் தொறக்காம பொட்டாட்ட இருக்கறாங்க, வெளிய சொல்ல முடியல."

"பிளேனுக்கா? அதுல என்னங்கம்மா பயம்?"

"நீ ஒருநாளாச்சும் அதைய ஒழுங்கா எறக்கியிருக்கறயா? தெனமும் மத்தியானம் கொண்டுபோயி எங்கியாச்சும் போட்டு ஒடைக்கறே. பாத்துப் பாத்து அதான் அவிய மனசுல நிக்குது."

"அது கேமுங்கம்மா!"

"கேமுன்னு அவியளுக்கும் தெரியும். தெரிஞ்சா பயம் போயிருமா?"

நான் மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த அத்தனை மத்தியானமும் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விமானம் என்றால் கடைசியில் நெருப்பு என்று என் அப்பாவுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். முகம் சுட்டது. அன்றைக்கே ஒன்றைத் தீர்மானித்தேன். அவர் கண் முன்னால் ஒரு தடவை விமானத்தை இறக்கிக் காட்டிவிட வேண்டும்.

இறக்குவது எத்தனை கஷ்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஓடுபாதை தூரத்தில் எலாஸ்டிக் நாடாத் துண்டு போலத் தெரியும். வேகத்தைக் குறைத்தால் விமானம் பொத்தென்று விழுந்தது. கூட்டினால் பாதையைத் தாண்டி ஓடியது. சக்கரத்தை நேரத்துக்கு இறக்க வேண்டும், மூக்கைக் கடைசி நிமிடத்தில் லேசாகத் தூக்க வேண்டும். ஒரு வாரம் முக்கிப் பார்த்தும் உடைக்காமல் வைக்க முடியவில்லை. எதையும் கடைசிவரை செய்து பழகாதவனுக்கு ஒரு வாரத்தில் என்ன வரும்? டிக்கெட் போடக் கடைசி நாள் வந்துவிட்டது. நான் செட்டிங்ஸைத் திறந்து, விமானம் எதில் மோதினாலும் உடையாது என்றிருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டேன்.

அன்று மத்தியானம் அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மாவும் வந்தார். கையெழுத்து வாங்க மேலே வந்த கட்டிங் மாஸ்டரை அப்பாவே, "இருங்க, தம்பி பிளேன் எறக்குது" என்று நிறுத்தி வைத்தார். மூன்று பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். உள்ளங்கை வேர்த்து ஜாய்ஸ்டிக் வழுக்கியது. ஓடுபாதை நெருங்கி வந்தது. நேராகத்தான் வந்தேன். மூக்கைத் தூக்கினேன். கரகரவென்று ஒரு சத்தத்தோடு தரை தட்டி, வழுக்கி, பாதையிலேயே நின்றது. வெற்றி என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

"தம்பி, பூ மாதிரில்ல வச்சுட்டீக!" என்றார் மாஸ்டர். அம்மா கை தட்டினார்.

அந்தக் குஷியில் விமானத்தை வெளியிலிருந்து காட்டும் பொத்தானை அமுக்கிவிட்டேன். அமுக்காமல் இருந்திருக்கலாம். விமானம் சக்கரமே இல்லாமல் வயிற்றை வைத்துத் தரையில் படுத்திருந்தது. பயத்தில் சக்கரம் இறக்க மறந்திருக்கிறேன். அந்த டிக் மட்டும் இல்லையென்றால் மூன்று பேருக்கும் நெருப்புதான் காட்டியிருப்பேன். சட்டென்று ஆட்டத்தை மூடினேன். திரும்பிப் பார்த்தால் அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"டிக்கெட்டுக்குச் சொல்லீரு கண்ணு" என்றார்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பாராட்டு காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் ஊத்துக்குளி நெய் ஒரு டப்பாவும் கம்பளிச் சட்டையுமாக அவர் உள்ளே போனார். திரும்பி எனக்குக் கை காட்டினார், தைரியம் சொல்கிறவர் போல. அவர் போய்ச் சேரும்வரை நான் போனுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். கம்ப்யூட்டரைத் தொடப் பிடிக்கவில்லை. வானத்தில் எங்கோ அவர் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு விடவில்லை. பையரின் கிடங்கில் வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் அடுத்த நாள் போன் செய்து, "அப்பா சுகமா வந்து சேர்ந்திட்டார்" என்று சொன்னபிறகுதான் சாப்பிட்டேன். பேச்சுவார்த்தையில் அப்பாவுக்குத் துணை நின்றவரும் அவர்தான்.

காரியம் நல்லபடியாக முடிந்தது. சரக்கை மாற்றித் தருவதென்று பேசி, அடுத்த சீசன் ஆர்டரையும் அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். வந்த மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஏசி அறைக்கு வந்தார். உட்காருவதற்கு முன் கதவைச் சாத்தினார்.

"போறப்ப, எறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னால, அடியில டம்முனு ஒரு சத்தம். எனக்கு உசுரே போயிருச்சு. பக்கத்துல தமிழ் தெரிஞ்ச ஒருத்தரு இருந்தாரு. அவருகிட்டக் கேட்டேன். சக்கரத்த எறக்கறாங்கய்யா, அதில்லாம தரையில வெக்கவே முடியாதுன்னாரு."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. அன்னிக்கு உன்ற பிளேனு வயித்துல படுத்துக் கெடந்துச்சு. சண்டைப் பிளேன்னா அப்பிடித்தானாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வானத்தில், பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரும் இல்லாமல், என் அப்பா அதைத் தெரிந்துகொண்டிருக்கிறார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சக்கரம் எறக்கலைன்னு அன்னிக்கே சொல்லீருந்தா நானு ஏறியிருக்க மாட்டேன். அதுனால சொல்லாம உட்டது செரிதான். அதுக்குத்தான கண்ணு சொல்லாம உட்டே?"

"ஆமாங்கப்பா" என்றேன்.

அது பச்சைப் பொய். சொல்லாமல் விட்டபோது அவருடைய பயணத்தை நான் நினைக்கவே இல்லை. மாஸ்டர் முன்னால் மானம் போய்விடுமே என்றுதான் மூடினேன். தப்பிக்க அவரே ஒரு வழியைத் திறந்துவிட்டார், நானும் கூச்சமே இல்லாமல் அதில் நுழைந்து போனேன். இறக்கிய விதத்தைவிட இதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்த நோம்பி பண்டிகைக்கு ஒரம்பரை வந்தாலும், அப்பா அந்தக் கதையைச் சொன்னார். "எனக்குப் பிளேன்னா பயமுங்க. என்ற பையந்தான் கம்ப்யூட்டர்ல எறக்கிக் காட்டுனான். அப்பறந்தான் ஏறுனனுங்க." வயிற்றில் படுத்த விமானம் அந்தக் கதையில் வருவதே இல்லை. கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "பரவால்லியே தம்பி" என்பார்கள். நான் கையில் தட்டோடு நின்று பல்லைக் காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் அவர் என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றே எனக்குத் தோன்றியது. உள்ளுக்குள் பொருமினேன்.

அவினாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து அவர் மறுபடி அதைச் சொன்ன அன்று, எனக்குப் பொறுக்கவில்லை. காருக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே எதுக்குங்கப்பா அதையே சொல்லிச் சொல்லி என்னைய அசிங்கப்படுத்தறீங்க?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். செருப்பைக் கழற்றிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் தணிந்த குரலில் சொன்னார்.

"பையன் என்ன பண்றான்னு கேக்கறாங்கல்ல கண்ணு. வேற எதையச் சொல்லட்டும்?"

நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லிக்கொள்ளும்படி நான் செய்த வேறு ஒரு காரியத்தைத் தேடினேன். பின்னால் நின்ற கார் ஹாரன் அடிக்கும்வரை தேடினேன்.