லைனில் தொங்கிய சட்டை

நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில் என் உயிரை அதிகம் வாங்கும் சொல் லைன். நாங்கள் குடியிருப்பது திருவொற்றியூரில் ஒரு லைன் வீடு. கரண்ட் போனால் லைனில் கோளாறு. போன் போட்டால் லைன் கிடைக்காது. தெருமுனையில் நிற்கும் பையன்கள் யாருக்காவது லைன் போடுகிறார்கள். நான் இருப்பதும் லாரி லைன். அதில் வண்டி ஓட்டுவதைவிட நிற்பதுதான் அதிகம். துறைமுக கேட்டுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் லைன் எண்ணூர் சாலையில் நீளும். அதன் வால் எர்ணாவூரில் கிடக்கும்.

அன்று மாலை என் மகளைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வருவதாக இருந்தது. முன்பு ஒரு குடும்பம் வந்தபோதும் நான் லைனில்தான் நின்றேன். "பொண்ணோட அப்பனுக்கு நாங்க அவ்ளோ இளப்பமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பவே இல்லை. இந்த இடம் மகளுக்கும் பிடித்திருந்தது. "நைனா, இன்னிக்காவது வூட்ல இரு" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள்.

என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். எர்ணாவூரில் நிற்கும்போது அதன்மேல் டீயைக் கொட்டிக்கொண்டேன். பாட்டில் தண்ணீரில் அலசி, பக்கக் கண்ணாடியில் காயப் போட்டுவிட்டுச் சீட்டில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது.

கண்ணாடியில் துணி தொங்கினால் வண்டி ரிப்பேர், காத்திருக்காமல் முந்திப் போகலாம் என்பது எங்கள் லாரிக்காரர்களின் வழக்கம். இத்தனை வருடமாக நானே அப்படி எத்தனையோ வண்டிகளை முந்தியிருக்கிறேன். சட்டையைப் பிழியும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

விழித்தபோது எனக்குப் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் முன்னால் போய்க்கொண்டிருந்தன. கடைசியாக முந்திய டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா மாமு, வண்டி படுத்துக்கிச்சா?"

"இல்லப்பா. சட்டை காயப் போட்டேன்."

"டேய், மாமு சட்டை காயப் போட்டுக்கினு கீறாராம்டா!" என்று அவன் போட்ட கூச்சலில் சாலையே சிரித்தது. என் இடத்தைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். என் பழைய போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"யோவ், எங்க கீற?"

"லைன்லதான்."

"இன்னிக்குமா? பொண்ணு பாக்க வர்றாங்கய்யா! நீ வர்றியா, இல்ல உன் போட்டோவ நாற்காலில வெச்சிரட்டுமா?"

அந்த டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "பொண்ணு பாக்க வராங்களா? வாயத் தொறந்து சொன்னா இன்னா மாமு? சாவியக் குடு. என் வண்டில இன்னொரு டிரைவர் கீறாரு, அவரு உன் வண்டிய நவுத்திக்கினு வருவாரு." அவனே வழியில் போன பைக்கை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டான்.

ஈரச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். யாரும் வந்திருக்கவில்லை.

"அவங்க எர்ணாவூராண்ட மாட்டிக்கினாங்களாம்" என்றாள் மனைவி. "உங்க லாரிங்கதான் ரோட்ட அடைச்சிக்கினு கீதாம்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்கள். பையனின் அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "லாரிக்காரனுங்க ரோட்டுக்கே பட்டா வாங்கிட்டானுங்க" என்றார். கொஞ்சம் ஆறியதும் என்னிடம் திரும்பி, "நீங்க எந்த லைன்ல இருக்கீங்க?" என்று கேட்டார்.

மனைவி சுவரைப் பார்த்தாள். உள்ளறையில் வளையல் சத்தம் நின்றது.

"ட்ரெய்லர் லாரி ஓட்டுறேங்க. காலைலேர்ந்து அந்த லைன்லதான் நின்னேன்."

அவர் காய்ந்தும் காயாத என் சட்டையையும் அதிலிருந்த டீக் கறையையும் பார்த்தார். "அப்ப நீங்களும் இன்னும் சாப்டலியா?"

"இல்லீங்க."

உள்ளே போய் என் மகளிடம் பேசிவிட்டு வந்த அவர் மனைவியும் மகனும் சம்மதமாகத் தலையசைத்தார்கள். "அப்புறம் என்ன, சோறு போடச் சொல்லுங்க, சேர்ந்தே சாப்டலாம்" என்றார் பையனின் அப்பா.

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகில் வந்தாள். "கேசரியும் பஜ்ஜியும்தான்யா கீது. ஓடு, பிரியாணி வாங்கியா."

ஓடினேன். கடையில் லைன்.